டச்சு நிலக்காட்சி அச்சுப்படம்: "17ஆம் நூற்றாண்டு அசல்" என்று விற்பவர் சொன்னால் நம்பலாமா?

கேள்வி: மரங்களும் ஓடையும் உள்ள ஒரு செப்புத்தகட்டு அச்சு. ஓரத்தில் டச்சு ஓவியர் அந்தோனி வாட்டர்லோவின் பெயர். "அசல், 17ஆம் நூற்றாண்டு" என்கிறார் விற்பவர். எதைப் பார்த்து முடிவு செய்வது?

வாட்டர்லோ பொறித்த தகட்டிலிருந்தே எடுத்த அச்சாக இருக்கலாம். அது 17ஆம் நூற்றாண்டில் எடுத்ததா என்பதைத்தான் நீங்கள் சோதிக்க வேண்டும். அவர் 1690இல் இறந்தார். தகடுகள் கைமாறி அடுத்த நூற்றாண்டிலும் அச்சாகிக்கொண்டே இருந்தன. அதனால் ஒரே தகட்டின் முதல் அச்சும் கடைசி அச்சும் ஒரே பெயரில்தான் விற்பனைக்கு வரும். விலையோ பல மடங்கு வேறுபடும். பெயருக்குப் பணம் கொடுக்காதீர்கள், கையிலிருக்கும் அந்தப் படிக்குக் கொடுங்கள்.

முதலில் ஒரு திருத்தம். என்கிரேவிங் என்று விற்கப்படும் டச்சு நிலக்காட்சிகளில் பெரும்பாலானவை எட்சிங்தான். என்கிரேவிங்கில் உளி செம்பை நேரடியாகக் கீறுகிறது. கோடு மெல்லத் தொடங்கி, தடித்து, கூர்மையாக முடியும். எட்சிங்கில் தகட்டின் மேல் மெழுகு பூசி, ஊசியால் வரைந்து, அமிலத்தில் அரிக்கவிடுவார்கள். கோடு பேனாவில் எழுதியதுபோல் தளர்வாக ஓடி, முனை மழுங்கி நிற்கும். 10 மடங்கு பெரிதாகக் காட்டும் லூப்பில் (கைலென்ஸ்) இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். அதே லூப்பில் ஒழுங்கான புள்ளி வரிசை தெரிந்தால் அது நவீன அச்சக நகல். அதோடு பேச்சை முடித்துவிடலாம்.

அடுத்தது காகிதம். தாளைச் சட்டத்திலிருந்து கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். அந்தக் காலத் தாளில் நெருக்கமான மெல்லிய கோடுகளும், அவற்றுக்குக் குறுக்கே ஏறத்தாழ 2 முதல் 3 செ.மீ. இடைவெளியில் சங்கிலிக் கோடுகளும் தெரியும். கோடே இல்லாத வழுவழுப்பான தாள் இங்கிலாந்தில் 1750களில்தான் வந்தது. ஆகவே அதில் அச்சான படம் 17ஆம் நூற்றாண்டினதாக இருக்க முடியாது. இதைத் தலைகீழாகச் சொல்ல முடியாது: கோடுள்ள தாள் இன்றும் தயாராகிறது. கோமாளித் தலை, ஆம்ஸ்டர்டாம் நகரச் சின்னம் போன்ற நீர்க்குறி இருந்தால் படமெடுத்து, அச்சிட்டுள்ள நீர்க்குறித் தொகுப்புகளோடு ஒப்பிடுங்கள். குறி பாதி மட்டும் தெரிந்தாலும் பயன்தான். புற ஊதா டார்ச்சில் தாள் நீலவெள்ளையாகப் பளிச்சிட்டால் அது 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதித் தாள் என்று கொள்ளலாம்.

இனி அச்சின் தேய்மானம். விலையைத் தீர்மானிப்பது இதுதான். ஒவ்வொரு அச்சுக்கும் தகட்டில் மை பூசித் துடைத்து உருளையில் அழுத்துவதால் செம்பு தேய்கிறது. ஆழம் குறைந்த கோடுகள்தான் முதலில் போகும்: தொலைவு மலை, வானம், நீரின் நெளிவு. முன்னணி மரங்கள் கருப்பாக நிற்க, பின்புலம் வெளிறிப் போயிருந்தால் அது தாமதப் படி. தேய்ந்த தகட்டைச் சிலர் உளியால் மீண்டும் கீறியிருப்பார்கள். அப்போது இலைக்கூட்டத்தின் மேல் கம்பி கட்டியதுபோல் விறைப்பான இணைகோடுகள் தெரியும். ஓவியரின் கை அப்படி ஓடாது.

தகட்டில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு 'நிலை'யாக எண்ணுவது மரபு. இதற்கு எழுத்துகளே நல்ல சாட்சி. பெயருக்குப் பின் 'ஃபெகிட்' என்றால் செய்தவர், 'எக்ஸ்குடிட்' என்றால் வெளியிட்டவர். வெளியிட்டவர் மாறும்போது பழைய பெயரைச் சுரண்டிப் புதியதைப் பொறிப்பார்கள். சுரண்டிய தடம் சில சமயம் மங்கலாகத் தெரியும். கிளாஸ் யான்ஸ் விஸ்ஸர் வெளியிட்ட தகடு பின்னர் அவர் வாரிசு நிக்கோலாஸ் விஸ்ஸர் பெயரோடு வந்தால், அது பிந்திய நிலை. எந்த மாற்றம் எந்த நிலை என்பதை பழைய அச்சுப்படங்களை வகைப்படுத்திய பார்ட்ச், ஹோல்ஸ்டைன் பட்டியல்களில் பாருங்கள். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் என்ற அருங்காட்சியகத்தின் இணையச் சேகரிப்பில் பெரிய படங்களை இலவசமாகத் திறந்து கோடு கோடாக ஒப்பிடலாம்.

அளவையும் ஒப்பிடுங்கள். அளக்க வேண்டியது தாளை அன்று, தகடு அழுந்திய பள்ளத்தை. தாளை நனைத்து அச்சிட்டுக் காயவைப்பதால் அது சற்றுச் சுருங்கும், 28 செ.மீ. படத்தில் 2, 3 மி.மீ. வித்தியாசம் வந்தால் கவலையில்லை. ஒரு செ.மீ. வித்தியாசம் என்றால் வேறு தகடாக இருக்கலாம். படம் இடவலம் மாறியிருந்தால் அச்சைப் பார்த்து யாரோ பொறித்த நகல் என்று சந்தேகியுங்கள்: பார்த்தபடியே தகட்டில் கீறினால் அச்சில் அது திரும்பித்தான் விழும். பின்புறத்தையும் பார்க்காமல் விடாதீர்கள். 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் அமான் டுராண் தயாரித்த ஒளிப்பொறிப்பு நகல்கள் (புகைப்பட முறையில் தகடு செய்து அச்சிட்டவை) கண்ணை ஏமாற்றும் அளவுக்கு நேர்த்தியானவை. அவற்றின் பின்னால் சிவப்பு முத்திரை இருக்கும், அதைச் சுரண்டியிருந்தால் அந்த இடத்தில் தாள் மெலிந்திருக்கும். பழைய சேகரிப்பாளரின் முத்திரை தெரிந்தால் அத்தகைய முத்திரைகளைத் தொகுத்த லுக்ட் பட்டியலில் தேடுங்கள்.

ஓரம் தகட்டு விளிம்புவரை வெட்டப்பட்டிருப்பது அக்காலப் படங்களில் சாதாரணம். அதற்காக ஒதுக்க வேண்டாம். படத்துக்குள் வெட்டியிருந்தால், பின்னால் வேறு தாள் ஒட்டியிருந்தால், கிழிசலைப் பேனாவால் வரைந்து மூடியிருந்தால் விலை நன்றாகக் குறைய வேண்டும். பக்கவாட்டு வெளிச்சம் இவற்றைக் காட்டிவிடும். நடுவில் மடிப்பு இருந்தால் புத்தகத்திலிருந்து பிரித்த தாளாகலாம். 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான, டச்சுப் போதகர் பால்டேயுஸ் எழுதிய நூலின் நாகப்பட்டினம், தூத்துக்குடிக் காட்சிகள் இப்படித்தான் தனித்தாளாகச் சந்தைக்கு வருகின்றன. அங்கே மடிப்பு குறையாகாது.

வாட்டர்லோவோடு நின்றுவிடாதீர்கள். இளைய யான் வான் டி வெல்டேயும் அலார்ட் வான் எவர்டிங்கனும் ஏராளமான நிலக்காட்சிகளைப் பொறித்தவர்கள், தொடங்குவதற்கு ஏற்றவர்கள். தேய்ந்த ரெம்பிராண்ட் ஒன்றின் விலையில் இவர்களின் கூர்மையான முற்கால அச்சுகள் சில கிடைக்கக்கூடும். அதையே நான் பரிந்துரைப்பேன்.

வாங்கியதும் செலோடேப்பைத் தொடாதீர்கள். படத்தை அட்டையில் தொங்கவிட ஜப்பானியத் தாள் கீல், அதை ஒட்டக் கோதுமை மாவுப் பசை, அமிலமில்லாத பருத்தி அட்டை, இவை போதும். சட்டத்தின் கண்ணாடி அச்சுத் தாளைத் தொடக்கூடாது. தொட்டால் ஈரம் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும். வெளிச்சம் 50 லக்ஸுக்குள் (லக்ஸ் என்பது ஒளியின் அளவு) இருக்கட்டும்.