மார்க் குறைந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பாருங்கள்

வாசகர் கேள்வி – நிபுணர் பதில்

நாள்பட்ட சிறுநீரக நோயுள்ள குழந்தைகளின் ஞாபகம், கவனம், படிப்பு குறித்து சென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, குழந்தை சிறுநீரக சிகிச்சையிலும் கற்றல் மதிப்பீட்டிலும் பணிபுரியும் குழுவினர் பதில் தருகிறார்கள்.

என் மகனுக்கு 9 வயது. பிறவியிலேயே சிறுநீர்ப் பாதையில் வால்வு அடைப்பு, ஆபரேஷன் செய்தாயிற்று. உயரம் 128 செ.மீ., கிரியாட்டினின் 1.4, ஹீமோகுளோபின் 10.1, பைகார்பனேட் 17. இரண்டாவது வரை நன்றாகப் படித்தான். இப்போது வாய்ப்பாடு நிற்பதில்லை. மூன்று வேலை சொன்னால் ஒன்றைத்தான் செய்கிறான். ஸ்கூலில் சோம்பேறி என்கிறார்கள். கிட்னிக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்?
– பெரம்பூர் வாசகி

இது சோம்பேறித்தனம் இல்லை, அம்மா. அந்தப் பட்டத்தை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள்.

கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு. குழந்தைகளுக்கு அதை மட்டும் பார்த்தால் நோயின் அளவு தெரியாது. உயரத்தை 0.413-ஆல் பெருக்கி, கிரியாட்டினினால் வகுக்க வேண்டும். வருவது சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகம். உங்கள் மகனுக்கு இது ஏறத்தாழ 38. 30 முதல் 59 வரை இருந்தால் நோயின் மூன்றாம் நிலை. 1.4 என்பது பெரியவர்களுக்குச் சின்ன எண்ணாகத் தெரியலாம். 128 செ.மீ. உயரப் பையனுக்கு அது சின்ன எண் அல்ல.

இந்த நோயுள்ள குழந்தைகளைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வந்த கட்டுரை ஒன்றின்படி, இவர்களின் சராசரி ஐக்யூ பொதுச் சராசரியைவிட சுமார் 10 புள்ளி குறைவு. ஞாபகத்திலும், ஒரு வேலையைத் திட்டமிட்டு வரிசையாக முடிக்கும் திறனிலும் குறைவு தெரிகிறது. இது சராசரிக் கணக்குதான். மிதமான நிலையில் உள்ள பெரும்பாலான குழந்தைகள் இயல்பான அளவுக்குள்ளேயே இருக்கிறார்கள். ஆகவே மகன் படிக்கவே மாட்டானோ என்று பயப்பட வேண்டாம். எந்த இடத்தில் தடுக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

வீட்டிலேயே பார்க்கலாம். 47-ஐயும் 38-ஐயும் கூட்டச் சொல்லுங்கள். ஏழும் எட்டும் 15. ஐந்தை எழுதிவிட்டு ஒன்றைக் கையிருப்பாக மனதில் வைத்திருக்க வேண்டும். அந்த ஒன்று நழுவினால் விடை 75 என்று வரும். கூட்டல் தெரியாத குழந்தைக்குக் கண்டபடி விடை வரும். 75, 75 மாதிரி ஒரே வகைத் தவறு திரும்பத் திரும்ப வந்தால் கூட்டல் தெரிகிறது, கையிருப்பு ஞாபகம்தான் நிற்கவில்லை என்று அர்த்தம். மூன்று வேலையில் ஒன்றை மட்டும் செய்வதும் இதே காரணத்தால் இருக்கலாம்.

இனி காரணங்கள். 5 முதல் 12 வயது வரை ஹீமோகுளோபின் 11.5-க்குக் கீழே போனால் ரத்தசோகை. 10.1-ல் இருக்கும் பிள்ளை மதியம் இரண்டு மணிக்கே களைத்துவிடுவான். பைகார்பனேட் 22-க்கு மேல் இருக்க வேண்டும். 17 என்றால் ரத்தத்தில் அமிலம் கூடியிருக்கிறது. இது வளர்ச்சியைக் கெடுக்கும், தசையைத் தளர்த்தும், சோர்வைத் தரும். இதற்கு சோடியம் பைகார்பனேட் மாத்திரை உண்டு. 500 மி.கி. மாத்திரை ஒன்றில் ஏறத்தாழ 6 மில்லி ஈக்குவிவலென்ட் (பைகார்பனேட்டை அளக்கும் அலகு) இருக்கும். எடைக்கு ஏற்ப எத்தனை என்று டாக்டர் கணக்குப் போடுவார். ஆப்ப சோடாவைக் கரைத்துக் கொடுத்துச் சமாளிக்காதீர்கள்: அளவு பிடிபடாது, அதிலுள்ள சோடியம் பிபியை ஏற்றிவிடலாம்.

கடிதத்தில் நீங்கள் எழுதாத எண் ஒன்று இருக்கிறது: பிபி. எங்களுக்கு அதுதான் முக்கியம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 2005 முதல் நடக்கும், நாள்பட்ட சிறுநீரக நோயுள்ள குழந்தைகளைத் தொடர்ந்து கவனிக்கும் சிகேஐடி ஆய்வில், பிபி கூடுதலாக இருந்த குழந்தைகள் பார்த்துப் புரிந்து செய்யும் வேலைகளில் குறைந்த மதிப்பெண் வாங்கினார்கள். குழந்தைக்குப் பிபி ஏறினால் தலைவலியோ மயக்கமோ வர வேண்டும் என்பதில்லை; அளந்தால்தான் தெரியும். ஐந்து நிமிடம் உட்கார வைத்து, முதுகைச் சாய்த்து, கையை இதய மட்டத்தில் வைத்து அளக்க வேண்டும். கையில் கட்டும் பட்டையின் உள்ளே இருக்கும் காற்றுப்பையின் அகலம் கைச் சுற்றளவில் 40 சதவீதம் இருக்க வேண்டும். கைக்குச் சின்னதான பட்டையைக் கட்டினால் பிபி அதிகமாகக் காட்டும், பெரியதைக் கட்டினால் குறைத்துக் காட்டும். பெரியவர்கள் பட்டையை வைத்து அளந்து "நார்மல்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஹீமோகுளோபின், பைகார்பனேட், பிபி மூன்றும் சரியான பிறகும் தடுமாற்றம் தொடர்ந்தால் ஐக்யூ, ஞாபகம், கவனம், வாசிப்பு, கணக்கு எல்லாவற்றுக்கும் முறையான பரிசோதனை தேவை. அதற்கு முன் காதையும் கண்ணையும் சோதித்துவிடுங்கள். சில ஆண்டிபயாட்டிக் ஊசிகளும் சிறுநீர் பிரிய வைக்கும் சில மருந்துகளும் காதைப் பாதிக்கும். மந்தமாகக் கேட்கும் பிள்ளையைக் கவனமில்லாதவன் என்று முடிவுகட்டுவது அடிக்கடி நடக்கிறது. பரிசோதனையைக் காலை வேளையில், காய்ச்சல் இல்லாத நாளில், அவன் வீட்டில் பேசும் மொழியில் செய்யச் சொல்லுங்கள். எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையில் குழந்தை சிறுநீரகப் பிரிவு இருக்கிறது. கற்றல் மதிப்பீட்டுக்கு முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது.

மகளுக்கு 7 வயது, நான்காம் நிலை. ஹீமோகுளோபின் 9.4. டாக்டர் இரும்புச் சத்தும் ஊசியும் எழுதியிருக்கிறார். ஊசிக்குப் பதில் முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், ஞாபகசக்திக்கு வல்லாரை லேகியம் கொடுக்கலாமா?
– வேளச்சேரி வாசகர்

வேண்டாம். முருங்கைக்கீரையிலும் பேரீச்சையிலும் பொட்டாசியம் அதிகம். நான்காம் நிலையில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடம் மாறிவிடலாம். டயட்டீஷியன் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொன்ன பிறகே கீரை. லேகியத்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பது டப்பாவைப் பார்த்தால் முழுதாகத் தெரியாது, சிலவற்றில் ஈயம் போன்ற உலோகங்கள் இருக்கலாம். அதை வெளியேற்ற வேண்டிய சிறுநீரகம்தான் இங்கே தளர்ந்திருக்கிறது. வயிற்றெரிச்சலுக்குக் கடையில் வாங்கும் ஜெல் மருந்திலும் இதே ஆபத்து. அதில் அலுமினியம் இருந்தால் உடம்பில் தங்கி மூளையையே பாதிக்கும். லேபிளில் அலுமினியம் ஹைட்ராக்சைடு என்று இருந்தால் வாங்காதீர்கள்.

டாக்டர் எழுதிய ஊசி, சிறுநீரகம் சுரக்க வேண்டிய எரித்ரோபொயட்டினுக்கு (ரத்தச் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோன்) மாற்று. நோய் முற்றும்போது அந்தச் சுரப்பே குறைவதால் உணவால் மட்டும் ஈடுகட்ட முடியாது. ஆனால் உடம்பில் இரும்பு இல்லாமல் ஊசி வேலை செய்யாது; அதனால்தான் இரண்டும் சேர்த்து எழுதுகிறார்கள்.

இரும்பு மருந்தில் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு, பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தச் சாப்பாட்டோடு தரும் கால்சியம் மாத்திரையோடு சேர்த்துக் கொடுப்பது. கால்சியம் இரும்பை உடம்பில் சேர விடாது. இரண்டுக்கும் நடுவே 2 மணி நேர இடைவெளி விடுங்கள். பாலோடும் டீயோடும் கொடுக்க வேண்டாம். ஊசி தொடங்கிய பின் பிபியை அடிக்கடி பாருங்கள். ஹீமோகுளோபின் வேகமாக ஏறினால் பிபியும் ஏறும்.

மகள் பத்தாவது படிக்கிறாள். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். பள்ளிக்குப் போகாத நாட்களே அதிகம். பொதுத்தேர்வில் சலுகை கிடைக்குமா?
– தாம்பரம் வாசகி

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் சிறுநீரக நோய் இல்லை. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இருக்கிறது. பரிசோதனையில் அது உறுதியானால், சான்றிதழோடு தலைமையாசிரியர் மூலம் கூடுதல் நேரமும், தேவைப்பட்டால் சொல்வதை எழுதுபவரும் கேட்கலாம். மாநிலப் பாடத்திட்டத்தில் கூடுதல் நேரம் ஒரு மணி. சிபிஎஸ்இ-யில் மூன்று மணித் தேர்வுக்கு 60 நிமிடம். சிபிஎஸ்இ கேட்கும் 75 சதவீத வருகையிலும் மருத்துவக் காரணத்துக்குத் தளர்வு உண்டு. விண்ணப்பத்தைத் தேர்வு நெருங்கும்வரை தள்ளிப்போடாமல் வகுப்பு தொடங்கியதுமே கொடுத்துவிடுங்கள்.

டயாலிசிஸ் முடிந்து வந்த மாலையில் புத்தகத்தை நீட்டாதீர்கள். நாலு மணி நேரத்தில் உடம்பின் நீரும் உப்பும் வேகமாக மாறியிருக்கும், பிபி இறங்கியிருக்கும், தலை வலிக்கும். கணக்கும் அறிவியலும் மறுநாள் காலையில். மெஷினில் இருக்கும் நேரத்தில் கதையோ பாட்டோ கேட்டால் போதும். வயிற்று வழி டயாலிசிஸை இரவில் மெஷினில் செய்ய முடிந்தால் பகலில் பள்ளிக்குப் போகலாம். அவளுக்கு அது பொருந்துமா என்று டாக்டரிடம் கேளுங்கள். இதைக் கேட்கப் பெற்றோர் ஏனோ தயங்குகிறார்கள். தயங்க வேண்டிய விஷயமே இல்லை.

என் வகுப்பில் இப்படி ஒரு மாணவன் இருக்கிறான். நான் என்ன செய்ய வேண்டும்?
– அம்பத்தூர் ஆசிரியை

இதை நீங்களே கேட்டது பெரிய விஷயம், டீச்சர். முதலில் பெற்றோரிடம் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டிய பிள்ளையா, அளந்து குடிக்க வேண்டிய பிள்ளையா? பிறவி வால்வு அடைப்பு உள்ள பையன்களில் பலருக்கு சிறுநீர் அதிகம் போகும். பாத்ரூமுக்கு அனுமதி மறுத்தால் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவான். சென்னை வெயிலில் ஒரே வாரத்தில் கிரியாட்டினின் ஏறிவிடும். அவன் கேட்காமலே எழுந்து போகலாம் என்று ஏற்பாடு செய்யுங்கள். டயாலிசிஸ் பிள்ளைகளுக்கு நேர்மாறாக, தண்ணீருக்கே அளவு உண்டு.

பாடத்தில், ஒரு நேரத்தில் ஒரு கட்டளை. "நோட்டை எடு" என்று சொல்லி, எடுத்த பிறகு "பக்கம் 42." கூட்டலில் மேலே ஒரு கட்டம் போட்டு கையிருப்பை அதில் எழுதச் சொல்லுங்கள், மனதில் வைக்க வேண்டாம். பத்துக் கணக்குக்குப் பதில் ஐந்து; புரிந்ததா என்று பார்க்க ஐந்து போதும். போர்டைப் பார்த்து எழுதுவதற்குப் பதில் நகல் கொடுங்கள். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் தரலாம். ஐபுபுரூஃபன் வகை வலி மாத்திரைகளை ஒருபோதும் தராதீர்கள், அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

மாற்றுச் சிறுநீரகம் வைத்துவிட்டால் படிப்பு சரியாகிவிடுமா?
– கொளத்தூர் வாசகர்

பலருக்குக் கவனமும் வேகமும் மேம்படுகின்றன. டயாலிசிஸில் இருப்பவர்களைவிட மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களின் மதிப்பெண்கள் தெளிவாக உயர்வு. ஆனாலும் முன்பு விட்டுப்போன பாடங்கள் தானாக வந்து சேராது. நோய் சின்ன வயதில் தொடங்கி நீண்டிருந்தால் இடைவெளி கொஞ்சம் மிஞ்சும். அதனால் ஆபரேஷன் முடியட்டும் என்று பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆபரேஷனுக்குப் பின் கையெழுத்து நடுங்கினால், மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவு கூடியிருக்கலாம். ரத்தத்தில் அந்த மருந்தின் அளவைப் பார்க்கும் நாளில் அதன் காலை மாத்திரையைக் கொடுக்காமல் அழைத்துப் போங்கள். ரத்தம் எடுத்த பிறகே மாத்திரை. முன்னாலேயே கொடுத்துவிட்டால் ரிப்போர்ட் தப்பாக வரும், டோஸும் தப்பாக மாறும்.