வெயில் வாட்டும், புயல் மிரட்டும் ஊருக்கு எந்த சோலார் பேட்டரி?
வாசகர் கேள்விகள் – நிபுணர் பதில்கள்

கேள்வி: மாடியில் 3 கிலோவாட் சோலார் பேனல் இருக்கிறது, பேட்டரி இல்லை. புயலுக்கு மறுநாள் நல்ல வெயில் அடித்தும் வீட்டில் கரண்ட் இல்லை. பேட்டரி வாங்கி மாட்டினால் போதுமா?

போதாது. உங்களிடம் இருப்பது ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், அதாவது வெளி லைனோடு சேர்ந்து மட்டுமே ஓடுவது. வெளியே லைன் செத்தால் அதுவும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, அதைக் கழற்றிவிட்டு, பேனல், பேட்டரி, லைன் மூன்றையும் சேர்த்துக் கையாளும் ஹைப்ரிட் இன்வெர்ட்டர் போடுவது. மற்றது, பழையதை வைத்துக்கொண்டே, தனியாக ஓடக்கூடிய பேட்டரி இன்வெர்ட்டரைக் கூடுதலாகச் சேர்ப்பது. இரண்டாவது வழியில் பேட்டரி நிரம்பியதும் புது இன்வெர்ட்டர் கரண்டின் ஃப்ரீக்வென்சியைச் சற்று உயர்த்தும். அதைப் பார்த்துப் பழையது உற்பத்தியைக் குறைக்க வேண்டும். பழைய மாடல்கள் சிலவற்றுக்கு இது தெரியாது, பட்டென்று ட்ரிப் ஆகும். எதை வாங்கினாலும், மாட்டி முடித்ததும் மெயினை அணைக்கச் சொல்லுங்கள். ஃபேன் சுற்றுகிறதா, பேனலிலிருந்து பேட்டரி சார்ஜ் ஏறுகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

கேள்வி: டியூபுலரா, லித்தியமா? பேட்டரி வைக்கும் அறையில் கோடையில் 40 டிகிரி வரை போகிறது.

அந்த 40 டிகிரிதான் இங்கே முடிவைச் சொல்கிறது. டியூபுலர் உட்பட லெட்-ஆசிட் பேட்டரி எதுவானாலும், 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். 5 ஆண்டு உழைக்க வேண்டியது, எப்போதும் 40 டிகிரியிலேயே கிடந்தால் 2 ஆண்டைத் தாண்டுவது சிரமம். ஏற்கெனவே டியூபுலர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: சூட்டில் சார்ஜிங் வோல்ட்டேஜ் குறைய வேண்டும். 12 வோல்ட் பேட்டரிக்கு 25 டிகிரியில் 14.4 வோல்ட் என்றால், 40 டிகிரியில் 14.0 வோல்ட் போதும். பேட்டரி உடம்பில் ஒட்டும் வெப்ப சென்சார் இருந்தால் சார்ஜரே இதைப் பார்த்துக்கொள்ளும். பல வீடுகளில் அந்த சென்சார் அட்டைப்பெட்டியிலேயே தூங்குகிறது. டிஸ்டில்டு வாட்டர் அடிக்கடி வற்றுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

புதிதாக வாங்குவதென்றால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வாங்குங்கள். லித்தியத்திலேயே நிக்கல் கலந்த வகையும் உண்டு. அது சிறியது, எடை குறைவு. ஆனால் பாஸ்பேட் வகையைவிடக் குறைந்த வெப்பத்திலேயே கட்டுமீறிச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. சுவரில் மாட்டும் பேட்டரிக்கு எடை ஒரு பொருட்டே இல்லை என்பதால், அந்த ரிஸ்க் தேவையில்லை.

பாஸ்பேட் வகையும் வெயிலுக்கு அஞ்சாத வீரன் அல்ல. பெரும்பாலான பேட்டரிகளில் சார்ஜ் ஏற்ற உகந்த வரம்பு சுமார் 45 டிகிரி வரைதான். அதைத் தாண்டினால் உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். (பேட்டரியைக் காக்கும் கட்டுப்பாட்டு சர்க்யூட்) கரண்டைக் குறைக்கும், பிறகு நிறுத்தியே விடும். நண்பகலில் பேனல் முழு வீச்சில் இருக்கும்போது சார்ஜ் ஏறவில்லை என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். சூட்டோடு 100 சதவீத சார்ஜிலேயே நிற்பதும் ஆயுளைத் தின்னும்.

விளம்பரத்தில் ‘6,000 சுழற்சி’ (ஒரு முறை சார்ஜ் ஏற்றி இறக்குவது ஒரு சுழற்சி) என்று பார்த்தால், எத்தனை டிகிரியில், எவ்வளவு ஆழம் வரை இறக்கி என்று கேளுங்கள். பெரும்பாலும் 25 டிகிரிக்கான கணக்காக இருக்கும். வாரன்டி தாளில் வெப்ப வரம்பு, மொத்தம் எத்தனை யூனிட் எடுக்கலாம், கடைசி ஆண்டில் எத்தனை சதவீதக் கொள்ளளவுக்கு உத்தரவாதம் ஆகிய மூன்றையும் தேடுங்கள். பேட்டரி அந்த வரம்பைத் தாண்டிச் சூடானது பி.எம்.எஸ்.ஸில் பதிவாகியிருந்தால், பிறகு வாரன்டி கேட்டு வாதாடிப் பயனில்லை.

கேள்வி: எத்தனை யூனிட் பேட்டரி வேண்டும்?

புயல் நாளில் எதெல்லாம் ஓட வேண்டும் என்பதை மட்டும் கூட்டுங்கள். ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு 1.2 யூனிட். குறைந்த கரண்டில் ஓடும் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் மூன்று, 12 மணி நேரம்: 1.1. எல்.இ.டி. விளக்குகள், இணைய ரூட்டர், செல்போன் சார்ஜ் எல்லாம் சேர்த்து 0.5. ஆக 2.8 யூனிட். (ஃபேன் மூன்றும் பழைய 75 வாட் ரகம் என்றால் இது 4.4 ஆகிவிடும். பெரிய பேட்டரி தேடுமுன் ஃபேனை மாற்றுவது புத்திசாலித்தனம்.)

51.2 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி 5.12 யூனிட். அதில் 85 சதவீதம் எடுத்து, இன்வெர்ட்டர் இழப்பு 10 சதவீதம் போக, கைக்கு வருவது 3.9. அடர்ந்த மேகமூட்டத்தில் பேனல் வழக்கமான உற்பத்தியில் 10 முதல் 25 சதவீதம்தான் தரும். 3 கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 1.2 யூனிட் என்று வையுங்கள். அப்படியானால் இந்த ஒரு பேட்டரியில் இரண்டு நாள் தாராளமாக ஓடும்.

1 எச்.பி. மோட்டாரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். கிளம்பும் நொடியில் அது இழுக்கும் கரண்ட் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு. இன்வெர்ட்டர் ட்ரிப் ஆகும். தொட்டியை முன்கூட்டியே நிரப்பிவிடுங்கள்.

கேள்வி: எங்கே மாட்டுவது? மொட்டைமாடி ஷெட்டில் இடம் இருக்கிறது.

தகர ஷெட் கூடவே கூடாது. மேற்கு வெயில் படும் சுவரும் வேண்டாம். வீட்டுக்குள்ளேயே நிழலான, காற்றோட்டமான சுவர். ஆனால் படுக்கையறையோ, வெளியேறும் வழியோ, மாடிப்படிக்குக் கீழோ அல்ல. தெருவில் இதுவரை வெள்ளம் ஏறிய உயரத்துக்கு மேல் இருக்கட்டும். ஐ.பி.65 முத்திரை மழைச்சாரலைத் தாங்கும். வெள்ளத்தில் மூழ்கினால் தாங்காது.

கேள்வி: எஸ்.பி.டி. (திடீர் மின்னழுத்தத்திலிருந்து காக்கும் கருவி) போட்டால் மின்னல் பயம் இல்லையா?

அருகில் விழும் மின்னலால் வயரில் பாயும் திடீர் மின்னழுத்தத்தை எஸ்.பி.டி. தடுக்கும், வீட்டின் மீதே விழுவதை டைப்-2 ரக எஸ்.பி.டி. தாங்காது. பேனல் பக்கம் டி.சி. எஸ்.பி.டி., மெயின் பக்கம் ஏ.சி. எஸ்.பி.டி. என இரண்டும் வேண்டும். எஸ்.பி.டி.யின் இணைப்பு வயர் எல்லாம் சேர்த்து அரை மீட்டருக்குள் இருக்கட்டும். மின்னல் பாயும் வேகத்தில் ஒரு மீட்டர் வயரிலேயே ஆயிரம் வோல்ட் அளவுக்குக் கூடிவிடும், அப்போது எஸ்.பி.டி. இருந்தும் இல்லாத கதைதான். எஸ்.பி.டி.யில் உள்ள பச்சை ஜன்னல் சிவப்பாகியிருந்தால் கார்ட்ரிட்ஜை மாற்றுங்கள்.

கேள்வி: புயல் எச்சரிக்கை வந்ததும் என்ன செட்டிங் மாற்ற வேண்டும்?

முதல் நாளே பேக்கப் ரிசர்வை (கரண்ட் போனால் பயன்படுத்த ஒதுக்கிவைக்கும் சார்ஜ் அளவை) 100 சதவீதமாக்கி நிரப்பிக்கொள்ளுங்கள். புயல் கடந்ததும் பழைய அளவுக்கு இறக்குங்கள். கீழ் வரம்பு 15-20 சதவீதத்தில் நிற்கட்டும். முழுக்க வடிந்தால் பி.எம்.எஸ். உறங்கிவிடும், மறுநாள் வெயில் வந்தாலும் சில இன்வெர்ட்டர்களுக்கு விழித்தெழக் கரண்ட் இருக்காது.

கேள்வி: லித்தியம் பேட்டரிக்குள் வெள்ளநீர் புகுந்துவிட்டது. காயவைத்துப் பயன்படுத்தலாமா?

கூடாது. ஆன் செய்து பார்க்கவும் வேண்டாம். நீங்கள் நிற்கும் தரை உலர்ந்திருந்தால் மட்டும் பேனல் ஐசொலேட்டரையும் (பேனலைத் துண்டிக்கும் சுவிட்ச்) மெயினையும் அணையுங்கள். உப்புநீர் காய்ந்தாலும் படியும் உப்பு உள்ளே ஷார்ட் உண்டாக்கும். பல நாள் கழித்துக்கூடத் தீப்பிடிக்கலாம். பயிற்சி பெற்ற டெக்னீஷியனை அழைத்து, வீட்டை விட்டுத் தள்ளித் திறந்தவெளிக்கு மாற்றச் சொல்லுங்கள்.