பென்சிலைப் பார்த்தாலே அழுகிறாள், எந்தப் புத்தகம் வாங்க?

அமெரிக்காவில் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் பெற்றோர் புத்தகம் வாங்குவது பற்றி அனுப்பிய கேள்விகளில், இந்த முறை எழுதக் கற்றுக்கொடுக்கும் பாடத்திட்டங்கள் பற்றியவை மட்டும்.

கேள்வி: அக்கா, நாங்கள் டெக்சாஸில் ஃப்ரிஸ்கோவில் இருக்கிறோம். இந்த ஆகஸ்டிலிருந்து ஹோம்ஸ்கூல். மகளுக்கு 7 வயது, மகனுக்கு ஐந்தரை. மகள் நன்றாக வாசிக்கிறாள், கதை சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். ஆனால் நோட்டைத் திறந்தால் அழுகை. இரண்டு வரிக்கு மேல் போகாது. எழுதக் கற்றுக்கொடுக்கும் பாடத்திட்டங்களில் ரைட்டிங் வித் ஈஸ், ஐஇடபிள்யூ (இன்ஸ்டிடியூட் ஃபார் எக்ஸலன்ஸ் இன் ரைட்டிங்), பிரேவ் ரைட்டர் மூன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். இதுபோக வாசிப்பு, இலக்கணம், ஸ்பெல்லிங், எழுதுவது எல்லாம் சேர்த்து ஒரே பெட்டியில் 400 டாலருக்கு ஒன்று வருகிறது. "அதையே வாங்கிடு, நிம்மதி" என்கிறார் கணவர். எதை வாங்கலாம்?

பதில்: பெட்டியை வாங்காதீர்கள். நிம்மதி வேண்டும் என்றுதான் நானும் ஒரு காலத்தில் அப்படி ஒன்றை வாங்கினேன். ஹோம்ஸ்கூல் மாநாடு ஒன்றில், கடைக்காரப் பெண்மணி சிரித்துப் பேசி, அடுத்த வருஷத்து செட்டையும் தள்ளுபடியில் தலையில் கட்டினார். முதல் வருஷப் புத்தகத்திலேயே மூன்றில் ஒரு பங்குதான் முடிந்தது. இரண்டாவது செட்டைப் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் பாதி விலைக்கு விற்றேன். குறை அந்தப் பாடத்திட்டத்தில் இல்லை. என் பெண்ணுக்கு அதில் வேண்டியிருந்தது ஐந்தில் ஒன்று. மீதி நாலுக்கும் சேர்த்துக் காசு கொடுத்தேன்.

உங்கள் கதையும் அதுதான். மகள் நன்றாக வாசிக்கிறாள் என்கிறீர்கள். அப்படியென்றால் பெட்டியில் பாதி இடத்தை அடைக்கப்போகும் வாசிப்புப் பாடம் அவளுக்குத் தேவையில்லை. அட்டையில் 'லாங்குவேஜ் ஆர்ட்ஸ்', அதாவது மொத்த மொழிப்பாடம், என்று இருந்தால் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பொருளடக்கத்தைப் பார்க்காமல் வாங்கவே கூடாது. ஸ்பெல்லிங்குக்குத் தனிப் புத்தகம், இலக்கணத்துக்குத் தனிப் புத்தகம் வாங்கிவிட்டு, அது இரண்டும் இருக்கிற பெட்டியையும் வாங்கியவர்கள் என் பழக்கத்திலேயே பலர்.

சரி, அழுகைக்கு வருவோம். 'எழுதுவது' என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன. சொல்ல ஒரு விஷயம் வேண்டும். அதை வாக்கியமாக்க வேண்டும். அப்புறம் விரல் வலிக்க, ஸ்பெல்லிங் யோசித்து, காகிதத்தில் இறக்க வேண்டும். பெரியவர்களுக்கு மூன்றாவது வேலை தன்பாட்டில் நடந்துவிடும். ஏழு வயதுப் பிள்ளைக்கு அதுவே முழு மூளையையும் இழுத்துக்கொள்ளும். உங்கள் மகளுக்கு முதல் இரண்டும் தாராளமாக வருகின்றன, அதனால்தான் மணிக்கணக்கில் கதை சொல்கிறாள். மூன்றாவதில்தான் முட்டுகிறது. 'உன் வார இறுதியைப் பற்றி ஐந்து வரி எழுது' என்று சொல்லும் எந்தப் புத்தகமும் மூன்றையும் ஒரே நேரத்தில் கேட்கிறது. அவள் அழாமல் என்ன செய்வாள்?

நீங்கள் பார்த்துவைத்த மூன்றும் இந்த மூன்று வேலைகளைப் பிரிக்கும் விதத்தில்தான் வேறுபடுகின்றன. ரைட்டிங் வித் ஈஸ், சூசன் வைஸ் பாயர் எழுதியது. நான்கு லெவல், வாரத்துக்கு 4 நாள், வருஷத்துக்கு 36 வாரம். லெவல் 1-இல் இரண்டே வேலை: நல்ல புத்தகத்திலிருந்து எடுத்த ஒரு வாக்கியத்தைப் பார்த்து எழுதுவது, நீங்கள் வாசித்துக் காட்டும் பத்தியைக் கேட்டுவிட்டு வாயால் திருப்பிச் சொல்வது. அவள் சொன்னதை நீங்கள் எழுதிக்கொள்கிறீர்கள். டிக்டேஷன் லெவல் 2-இல்தான் வருகிறது. சொந்தமாகக் கதை எழுது, கட்டுரை எழுது என்று எதுவும் கிடையாது. இதில் புதுமை ஒன்றுமில்லை. இங்கிலாந்தில் ஷார்லட் மேசன் என்ற கல்வியாளர் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சொல்லிவந்த வழி இதுவே. நம்மூர்ப் பள்ளியில் நாலு கோடு நோட்டில் காப்பி ரைட்டிங்கும் வாரம் ஒரு நாள் டிக்டேஷனும் எழுதிய நமக்கும் பழகியதுதான். திருப்பிச் சொல்வது மட்டும் நம்மூரில் பள்ளிக்கு வெளியே, பாட்டியிடம் நடந்தது.

இதில் எரிச்சலூட்டும் விஷயம் ஒன்று உண்டு. கதைகளின் துண்டுகள்தான் வரும்; சுவாரசியமான இடத்தில் பத்தி முடிந்துவிடும். உங்கள் மகளைப் போன்ற கதைப் பைத்தியங்கள் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று சண்டைக்கு வருவார்கள். நூலகத்தில் முழுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தால் சரியாகிவிடும்.

பிரேவ் ரைட்டரில் உங்கள் மகள் வயதுக்கு உள்ளது 'ஜாட் இட் டவுன்', 5 முதல் 8 வயதுக்கு. குழந்தை சொல்லச் சொல்ல அம்மா எழுதுவதுதான் அதன் உயிர்நாடி. மாதம் ஒன்றாகச் செய்யப் பத்து வேலைகள் தருகிறார்கள். அழகான யோசனைகள், ஆனால் 'இன்று 14-ஆம் பக்கம்' என்று கையைப் பிடித்து நடத்தாது. காலையில் காப்பியோடு அதைத் திறந்து, இன்றைக்கு என்ன செய்யலாம் என்று யோசிக்கப் பிடிக்கும் அம்மாவுக்கு இது வரம். ஐந்தரை வயதுப் பையன் ஒரு பக்கம் சோபாவில் குதிக்க, அடுப்பில் குக்கர் விசிலடிக்க, ஒன்பது மணிக்குப் பாடத்தை ஆரம்பித்தாக வேண்டிய அம்மாவுக்கு அலமாரியில் தூங்கும். நீங்கள் எந்த அம்மா என்பது எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

ஐஇடபிள்யூவைக் குறைசொல்ல மாட்டேன். ஒரு பத்தியில் வாக்கியத்துக்கு மூன்று முக்கியச் சொற்களைக் குறித்துக்கொண்டு, அந்தக் குறிப்பை வைத்துத் தன் சொற்களில் எழுதச் சொல்லும் முறை, 'எதை எழுதுவது' என்று விழிக்கும் பிள்ளைக்கு நல்ல ஊன்றுகோல். ஆனால் எல்லோரும் பேசும் அந்த வீடியோ பாடம், ஸ்ட்ரக்சர் அண்ட் ஸ்டைலின் லெவல் ஏ, 3 முதல் 5-ஆம் வகுப்புக்கானது. சின்னப் பிள்ளைகளுக்கு வேறு தொகுப்பு வைத்திருக்கிறார்கள். உங்கள் மகள் எதை எழுதுவது என்று விழிக்கவும் இல்லை. இரண்டு வருஷம் கழித்துப் பாருங்கள்.

என் யோசனை: ரைட்டிங் வித் ஈஸ் லெவல் 1 ஒர்க்புக், கூடவே தனியாக ஒரு கையெழுத்துப் புத்தகம். 'இரண்டாம் வகுப்புக்கு லெவல் 1-ஆ?' என்று கூச்சப்பட வேண்டாம், லெவல் என்பது வகுப்பு எண் இல்லை. கையெழுத்துக்கு, அட்டைப்படத்தைவிடக் கோட்டைக் கவனித்து வாங்குங்கள். அமெரிக்க நோட்டில் பொதுவாக மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, நடுவே புள்ளிக்கோடு. ஹேண்ட்ரைட்டிங் வித்தவுட் டியர்ஸ் என்ற கையெழுத்துப் பாடத்திட்டம் ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (எழுதுவது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தருபவர்) உருவாக்கியது. அதில் இரண்டே கோடு. கோடுகளுக்குள் தொலைந்துபோகும் பிள்ளைகளுக்கு அது சுலபம். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம். மணி அடித்ததும், பாதி வரியில் இருந்தாலும், மூடிவிடுங்கள்.

இன்னொன்று, இதற்குச் செலவே இல்லை. அவள் சொல்லும் கதையை நீங்கள் எழுதுங்கள். மறுநாள் அதில் ஒரே ஒரு வரியை, அவளுக்குப் பிடித்த வரியை, அவள் பார்த்து எழுதட்டும். அவளுடைய சொல்லே அவளுக்குக் காப்பி ரைட்டிங். என் வீட்டில் அழுகை நின்றது இதில்தான். அதில் ஸ்பெல்லிங் தப்பாக வந்தால் சிவப்புப் பேனாவைத் தேடாதீர்கள். நம் தலைமுறைக்கு அந்தக் கை சும்மா இருக்காது, கொஞ்சம் கட்டிப்போடுங்கள்.

எதை வாங்கினாலும், முதலில் மாதிரிப் பக்கங்களை இறக்கி அச்செடுத்து மூன்று நாள் நடத்திப் பாருங்கள். பெரும்பாலான பதிப்பாளர்கள் தளத்திலேயே தருகிறார்கள். நீங்கள் எத்தனை நிமிடம் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் 'பதினைந்து நிமிடம்' என்பார்கள். அது குழந்தையின் நிமிடமா உங்கள் நிமிடமா என்று சொல்ல மாட்டார்கள்.

மகனுக்கு இந்த வருஷம் எழுத எதுவும் வாங்க வேண்டாம். வாசலில் சாக்பீஸ், சப்பாத்தி மாவு, கத்தரிக்கோல் போதும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். இப்படிக் குறைத்த பிறகும் மாதக்கணக்கில் கை வலிக்கிறது என்கிறாள், பென்சில் பிடி நிலைக்கவில்லை, எழுத்துகள் திரும்பித் திரும்பித் தலைகீழாக வருகின்றன என்றால் புத்தகத்தை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். குழந்தை மருத்துவரிடம் ஆக்குபேஷனல் தெரபிஸ்டைப் பற்றிக் கேளுங்கள். டெக்சாஸில் வீட்டில் படிக்கும் பிள்ளைக்கும் உங்கள் பகுதிப் பள்ளி மாவட்டத்திடம் இலவச மதிப்பீடு கோரலாம், எழுத்துமூலமாகக் கேளுங்கள்.

கேள்வி: பழைய புத்தகம் பாதி விலைக்குக் கிடைக்கிறது, பிடிஎஃப் அதைவிட மலிவு. எது லாபம்? ஒரு ஒர்க்புக்கை வாங்கி இரண்டு பிள்ளைகளுக்கும் நகல் எடுக்கலாமா?

பதில்: டீச்சர்ஸ் கைடைப் பழையதாக வாங்குங்கள், கண்ணை மூடிக்கொண்டு. ஒர்க்புக் என்றால் கண்ணைத் திறந்துகொண்டு. 'சில பக்கங்களில் மட்டும் பென்சில்' என்று எழுதியிருந்தால் அந்தச் சில பக்கங்களின் படத்தைக் கேளுங்கள். ரைட்டிங் வித் ஈஸ் போன்ற புத்தகங்களில் மாணவர் பக்கங்கள் பின்பகுதியில், கிழித்தெடுக்கும்படி இருக்கும். முன்பகுதி புத்தம்புதிதாக மின்னும், பின்னால் ஒன்றுமே இருக்காது. படத்தில் முன்பகுதியைத்தான் காட்டுவார்கள். அப்புறம் பதிப்பு: கைடு பழைய பதிப்பு, ஒர்க்புக் புதுப் பதிப்பு என்றால் பக்க எண்கள் ஒத்துப்போகாமல் தினமும் தேடிக்கொண்டிருப்பீர்கள். இரண்டின் ஐஎஸ்பிஎன் எண்களையும் பதிப்பாளர் தளத்தில் ஒப்பிட்டுவிடுங்கள்.

பிடிஎஃப் மலிவு என்பது அச்சடிக்கும்வரைதான். 300 பக்கத்தை வீட்டு இங்க்ஜெட்டில் வண்ணத்தில் அடித்தால் மிச்சம் பிடித்தது மையில் போய்விடும். கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர் இருந்தால், அல்லது நகல் கடையில் ஸ்பைரல் போட்டு வாங்கினால் கட்டுப்படியாகும். இரண்டு மூன்று பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு பிடிஎஃப் நல்லது. பல பதிப்பாளர்கள் ஒரே குடும்பத்துக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் அச்சிட அனுமதிக்கிறார்கள். அச்சு ஒர்க்புக்கை நகல் எடுக்கும் விதி ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி. காப்புரிமைப் பக்கத்தில் ஒரு வரி இருக்கும். அதை வாங்குவதற்கு முன்பே மாதிரிப் பக்கங்களில் பார்த்துவிடலாம். தோழிக்கு பிடிஎஃபை அனுப்புவது மட்டும் வேண்டாம். நம்மில் பலர் செய்கிறோம், தப்புதான்.

கேள்வி: தி குட் அண்ட் தி பியூட்டிஃபுல் என்ற பாடத்திட்டம் இலவசம் என்கிறார்கள். நாங்கள் இந்துக்கள். எடுக்கலாமா?

பதில்: அவர்களுடைய லாங்குவேஜ் ஆர்ட்ஸ் பாடங்களை பிடிஎஃபாக இலவசமாக இறக்கிக்கொள்ளலாம் என்பது உண்மை. அச்சுப் பிரதிக்குத்தான் காசு. கிறிஸ்தவ நோக்கில் எழுதப்பட்டது. கடவுளும் ஜெபமும் பாடத்தின் நடுவே வரும். கான்வென்டில் படித்து 'அவர் ஃபாதர்' ஜெபம் சொல்லி வளர்ந்தவர்களுக்கு அது உறுத்தாமல் போகலாம், சிலருக்கு உறுத்தும். இலவசம்தானே, ஒரு யூனிட்டை இறக்கிப் படித்துவிட்டு முடிவெடுங்கள். ஆனால் அதுவும் எல்லாம் சேர்ந்த வகைதான்; எழுதுவதற்கு மட்டும் என்று பிரித்தெடுப்பது கஷ்டம். அமெரிக்க ஹோம்ஸ்கூல் சந்தையில் மதச் சார்புள்ள பதிப்பாளர்கள் நிறைய. வேண்டாம் என்றால் 'செக்யூலர்' (மதச் சார்பற்றது) என்ற சொல்லைச் சேர்த்துத் தேடுங்கள். பிரேவ் ரைட்டரை அந்த செக்யூலர் வகையில் சேர்க்கலாம்.

கேள்வி: கோவையிலிருந்து வந்திருக்கும் என் மாமியார், 'பிள்ளை தமிழில் கதை சொல்லட்டும், நீ இங்கிலீஷில் எழுதிக்கோ' என்கிறார். இரண்டு மொழியும் குழம்பாதா?

பதில்: அத்தை சொல்வதைக் கேளுங்கள். கேட்டதை வரிசைப்படுத்துவது, முக்கியமானதைப் பொறுக்குவது, தொடக்கமும் முடிவும் வைத்துச் சொல்வது, இவை எந்த மொழியிலும் ஒரே வேலை. அத்தையிடம் தமிழில் ஒரு முறை சொல்லட்டும், பிறகு உங்களிடம் ஆங்கிலத்தில் சொல்லட்டும். இரண்டாவது முறை கதை சுருங்கித் தெளிவாக வருவதைப் பார்ப்பீர்கள். ஆங்கிலத்தில் சொல்லும்போது நடுவில் ஒரு தமிழ்ச் சொல் வந்தால் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், நிறுத்தித் திருத்த வேண்டாம். அத்தை ஊர் திரும்பிய பிறகு வீடியோ காலில் தொடரலாம்; அந்த நேரத்தையும் பாட நேரமாகக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டெக்சாஸ் சட்டப்படி எழுத்துப் பாடம் கட்டாயமா? எதையாவது வாங்கியே ஆக வேண்டுமா?

பதில்: வாசிப்பு, ஸ்பெல்லிங், இலக்கணம், கணிதம், நல்ல குடிமகனாக இருப்பது என்று ஐந்து பாடங்கள்தான் பட்டியலில் இருக்கின்றன. 1994-இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் லீப்பர் வழக்கில் ஹோம்ஸ்கூலைத் தனியார் பள்ளியாகவே ஏற்றுக்கொண்டது. பாடத்திட்டம் கண்ணால் பார்க்கக்கூடிய வடிவில், புத்தகமாகவோ ஒர்க்புக்காகவோ வீடியோவாகவோ இருக்க வேண்டும். குறிப்பிட்ட கம்பெனியின் புத்தகம் என்று எங்கும் இல்லை. டெக்சாஸில் இருக்கும்வரை இதுதான். நியூயார்க்குக்கு வேலை மாற்றம் வந்தால் கதை வேறு. அங்கே முதல் வகுப்பிலிருந்தே எழுதுவது தனிப் பாடமாகப் பட்டியலில் உண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிக்கையும் கொடுக்க வேண்டும். அதனால் பிள்ளை எழுதிய தாள்களில் தேதி போட்டு ஒரு ஃபைலில் வையுங்கள். ஃபைல் ஒரு டாலர்தான், அதை மட்டும் தாராளமாக வாங்கலாம்.