340 புத்தகம், 3 கணினி: மலைக்கிராமப் பள்ளிக்கு ஓர் ஆண்டு வேலை

கேள்வி: ஏற்காடு ஒன்றியத்தில் ஒரு மலைக்கிராமத் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியை நான். மொத்தம் 58 பிள்ளைகள். அவர்களில் 36 பேர் 3, 4, 5ஆம் வகுப்பினர். பீரோவில் ஏறக்குறைய 340 புத்தகங்கள் இருக்கின்றன. முன்னாள் மாணவர்கள் மூன்று பழைய கணினிகளும் ஓர் அச்சுப்பொறியும் வாங்கித் தந்திருக்கிறார்கள். இணையம் நிலையாகக் கிடைப்பதில்லை. நூலகப் பாடவேளையில் பிள்ளைகள் படத்தைப் புரட்டிவிட்டு வைத்துவிடுகிறார்கள்; கணினிப் பாடவேளை விளையாட்டோடு முடிகிறது. இவர்களைக் கொண்டு செய்யக்கூடிய செயல்திட்டம் ஏதேனும் உண்டா?

பதில்: உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. நூலகத்துக்கு ஒரு பாடவேளை, கணினிக்கு ஒரு பாடவேளை என்று பிரித்து வைத்திருப்பதால், முதலாவதில் செய்வதற்கு வேலை இல்லை, இரண்டாவதில் வேலைக்குக் காரணம் இல்லை. உங்கள் நூலகத்துக்குப் பட்டியல் வேண்டும், புத்தகத்தின் முதுகில் ஒட்டும் வகைச் சீட்டு வேண்டும், உள்ளூரைப் பற்றிய புத்தகம் வேண்டும். இவை மூன்றையும் பிள்ளைகளே கணினியில் செய்யட்டும். தனியாகத் தட்டச்சு வகுப்பு நடத்தத் தேவையில்லை என்பதே என் கருத்து.

முதலில் பீரோவைத் திறந்து வையுங்கள். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்தப்படுவதற்கே என்பதாகும்; பூட்டிய பீரோ அந்த முதல் விதியிலேயே தோற்றுவிடுகிறது. அட்டை முகம் தெரியுமாறு, ஐந்து வயதுப் பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் புத்தகங்களை அடுக்குங்கள். மூடுபனி இறங்கும் ஊர் என்பதால் அடுக்குக்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விடுவதும், இராமபாணப் பூச்சிக்காக வசம்புத் துண்டுகளைத் துணியில் முடிந்து மூலைகளில் வைப்பதும் நல்லது.

ஜூனில் தொடங்க வேண்டிய வேலை பட்டியல். இதைக் கணினியில் தொடங்கக் கூடாது. பழைய அழைப்பிதழ் அட்டைகளைக் கையளவுக்கு வெட்டிக் கொடுத்து, ஒரு புத்தகத்துக்கு ஓர் அட்டை வீதம் தலைப்பு, எழுதியவர், படம் வரைந்தவர், பக்க எண்ணிக்கை ஆகியவற்றைப் பிள்ளைகள் கையால் எழுதட்டும். ஐந்தாவதாக ஒரு வரி: இதில் என்ன இருக்கிறது என்பதை அந்தப் பிள்ளையே தன் சொல்லில் எழுத வேண்டும். புத்தகத்தைப் படிக்காமல் இந்த வரியை எழுத முடியாது என்பதால், நீங்கள் கவலைப்படும் படம் புரட்டும் பழக்கம் இங்கேதான் மாறத் தொடங்கும். முப்பத்தாறு பேருக்கு 340 அட்டை என்றால் ஆளுக்கு ஒன்பது அல்லது பத்து. வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் முதல் பருவத்துக்குள் முடிந்துவிடும்.

வகைப்படுத்த, பெரிய நூலகங்களில் பொருள்வாரியாகத் தரப்படும் டியூயி எண்கள் இந்த வயதுக்கு வேண்டாம். கதை, பாட்டு, விலங்கும் செடியும், ஊரும் மனிதரும், கணக்கும் விளையாட்டும் என ஐந்து வகை போதும். வகைக்கு ஒரு நிறம் கொடுப்பது வழக்கம். நிறத்தோடு ஒரு சிறு படமும் சேர்த்துவிடுங்கள், ஏனெனில் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத பிள்ளை ஒன்றிரண்டு பேர் எந்தப் பள்ளியிலும் இருக்கக்கூடும். அந்தப் படங்களை வரையும் பொறுப்பை 1, 2ஆம் வகுப்பினரிடம் விடலாம். டக்ஸ் பெயிண்ட் என்ற வரைகலை மென்பொருள் இலவசமானது, இணையம் இல்லாமல் இயங்குவது, பழைய கணினியிலும் ஓடக்கூடியது. மவுஸைப் பிடித்து இழுக்கப் பழகுவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அட்டைகள் சேர்ந்த பிறகே மற்ற மூன்று வகுப்பினரும் கணினிக்கு வர வேண்டும். மூவர் மூவராகப் பிரித்தால் 12 குழுக்கள். மூன்று கணினிகளில் நான்கு அமர்வு. ஒருவர் அட்டையைப் படிக்க, ஒருவர் தட்டச்சு செய்ய, ஒருவர் எழுத்துப்பிழை பார்க்க, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும். இந்த மாற்றத்தை மணி அடித்து நடத்துங்கள். இல்லாவிட்டால் கைவேகம் உள்ள பிள்ளையே கடைசிவரை விசைப்பலகையை விடாது. காத்திருக்கும் குழுக்கள் அதே அறையில் வாசித்துக்கொண்டிருக்கட்டும்.

தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகையைத்தான் பழக்க வேண்டும். இடக்கையில் உயிரெழுத்து, வலக்கையில் பெரும்பாலான மெய்கள் என்ற அதன் அமைப்பு, எழுத்து கற்கும் பிள்ளைக்கு இலக்கணப் பாடமாகவே அமைந்துவிடுகிறது: ‘க’வை அடித்து ‘ஆ’வை அடித்தால் ‘கா’ வரும். ‘ம’வை இருமுறை அடித்தால் முதல் ‘ம’வுக்குப் புள்ளி தானே விழும் என்பதைக் காட்டினால், ‘அம்மா’ என்று அடிப்பதற்காகவே வரிசையில் நிற்பார்கள். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றும் முறை பெரியவர்களுக்கு எளிது; தமிழையே இப்போதுதான் எழுதப் பழகும் பிள்ளைக்கு அது இரட்டைச் சுமை. இ-கலப்பை என்ற இலவச மென்பொருளில் தமிழ்99 இருக்கிறது. எழுத்துரு ஒருங்குறியாக (யூனிகோடு, எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் பொது முறை) இருக்கட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்து வைத்தால் பிறகு தேடவும் முடியாது, வரிசைப்படுத்தவும் முடியாது.

லிப்ரே ஆபிஸ் என்ற இலவச மென்பொருளின் அட்டவணையில் 340 வரிகளும் ஏறியதும் அகரவரிசைப் பாடத்தைத் தொடங்கலாம். இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஒருங்குறியில் எழுத்துகளுக்குத் தரப்பட்ட எண் வரிசை நம் நெடுங்கணக்கு வரிசை அன்று. அதில் ‘ந’வுக்கு அடுத்து ‘ன’வும், ‘ள’வுக்கு அடுத்து ‘ழ’வும், அதன் பின்னர் ‘வ’வும் நிற்கின்றன. தமிழ் வரிசை அறியாத மென்பொருளில் பந்து, பப்பாளி, பலா, பனை என்ற நான்கு சொற்களை வரிசைப்படுத்தினால் பந்து, பனை, பப்பாளி, பலா என்று வரும். எனவே முதலில் பிள்ளைகள் தங்கள் அட்டைகளைத் தரையில் பரப்பிக் கையால் அடுக்கட்டும். பிறகு கணினியின் வரிசையோடு ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் யார் சரி என்று அவர்களே சொல்லட்டும். கணினி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் பெரியவர்களிடமே ஊறிப்போயிருக்கும்போது, நான்காம் வகுப்புப் பிள்ளை அதில் பிழை கண்டுபிடிப்பது எளிய செய்தியன்று.

இரண்டாம் பருவத்துக்கு உள்ளூர்ப் புத்தகம். சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்பதை அச்சிட்ட புத்தகங்களில் படிக்கலாம். ஆனால் காப்பிப் பழம் பறிக்கும் கூடையை இடுப்பில் எப்படிக் கட்டுவது, மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தில் ஏணியை எப்படிச் சாத்துவது என்பதெல்லாம் பிள்ளைகளின் வீட்டில்தான் இருக்கிறது. குழுவுக்கு ஒரு பொருள் கொடுத்து, வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் ஐந்து கேள்வி கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். பழம் பறிப்பு நவம்பரில் சூடுபிடித்தால் பெற்றோருக்கும் நேரம் இராது, சில பிள்ளைகளும் வர மாட்டார்கள். ஆகவே கேள்வி கேட்கும் வேலையை அக்டோபரிலேயே முடித்துவிடுங்கள். மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களில் கோயில், சடங்கு பற்றிய செய்திகளை எழுதலாமா என்று முதலில் கேட்பது முறை. வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ஒளிப்படம் எடுப்பதற்கும் இதே விதிதான். பிள்ளைகளின் முகமும் முழுப்பெயரும் உள்ள பக்கத்தை வாட்ஸ்அப் குழுக்களில் பரப்ப வேண்டாம்.

நான்கு ஏ4 தாள்களை நடுவில் மடித்தால் 16 பக்கம். வெளித்தாளின் ஒரு புறத்தில் 16ஆம் பக்கமும் 1ஆம் பக்கமும், மறுபுறத்தில் 2ஆம் பக்கமும் 15ஆம் பக்கமும் வரும். எந்தப் புறத்தைக் கூட்டினாலும் 17. இந்தக் கணக்கை முன்கூட்டியே சொல்லிவிடாமல் வெற்றுத்தாளை மடித்து எண் போடச் செய்து அவர்களே கண்டுபிடிக்க விடுங்கள். நடுவில் ஸ்டேப்ளர் பின் அடிக்காதீர்கள், ஏற்காட்டு ஈரத்தில் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்துத் தாளையும் கறையாக்கிவிடும். ஊசி நூலால் தைப்பதே நிலைக்கும். தைத்த புத்தகத்துக்கும் நூல் வரவுப் பதிவேட்டில் எண் கொடுத்து, நிறச்சீட்டு ஒட்டி, மற்றவற்றைப் போலவே வீட்டுக்கு இரவல் கொடுங்கள்.

வாசிக்க இன்னும் புத்தகம் வேண்டுமானால், சேலத்துக்கு இறங்கி வரும்போது பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்திலிருந்து தமிழ்க் கதைகளைப் பென்டிரைவில் இறக்கிக்கொள்ளலாம். திறந்த உரிமத்தில் இருப்பதால் அச்சிட்டுக் கொடுக்கத் தடையில்லை. பிள்ளைகளுக்கு நிரலாக்கம் பழக்கும் ஸ்கிராட்ச் முதலியவற்றை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கணினிகளைப் பற்றி ஒரு சொல். நான் பார்த்த ஒரு மலைப்பள்ளியில் அவற்றைப் பிளாஸ்டிக் உறையால் இறுக மூடிக் கோடை விடுமுறைக்கு விட்டுச் சென்றார்கள். ஜூனில் திறந்தபோது உள்ளே வியர்த்து இரண்டு கணினிகள் இயங்கவில்லை. துணியால் மூடுங்கள், பள்ளி நாட்களில் வேலை இல்லாவிட்டாலும் அரை மணி நேரம் இயக்கி வையுங்கள், இடி இடித்தால் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாத ஊரில், ஐந்து அட்டைக்கு ஒருமுறை சேமிக்கும் வேலையைப் பிழை பார்க்கும் பிள்ளையிடம் கொடுத்துவிட்டால் அது தவறாமல் நடக்கும்.