"அனுமதி மறுக்கப்பட்டது" என்று வருகிறது, 777 கொடுத்தால் சரியாகிவிடுகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

விடக்கூடாது. 777 என்றால் அந்தக் கோப்பை யாரும் வாசிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்று பொருள். பதில் அவ்வளவுதான். ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு வரி இருக்கிறது: "இரவு ஒரு மணிக்கு 777 கொடுத்தேன், உடனே தளம் திறந்தது." அந்த வரியைப் படித்துவிட்டு என்னால் சும்மா போக முடியவில்லை. அதே ஒரு மணிக்கு அதே எண்ணைத் தட்டி, அதே நிம்மதியோடு படுக்கப் போனவன் நான்.

நீங்கள் உபுண்டு என்ற லினக்ஸ் போட்ட சேர்வரில், முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சேர்வர், பின்னால் பிஎச்பி மொழியில் எழுதிய செயலி வைத்திருக்கிறீர்கள், அந்தச் செயலி உங்கள் பயனர்கணக்கின் வீட்டுக் கோப்புறைக்குள்ளேயே கிடக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் அப்படிச் சொல்லவில்லைதான். ஆனால் இந்தக் கேள்வியோடு என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் வைத்துவிட்டு வருகிறார்கள். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன்.

நான் இருப்பது கிளிநொச்சியில். ஒரு சங்கத்திற்கு நெல் கொள்வனவுக் கணக்குச் செயலியைப் பார்த்துக்கொள்கிறேன். பெரிய வேலை ஒன்றுமில்லை. மூடையை நிறுப்பார்கள், ஈரப்பதன் மானியை வைத்துப் பார்ப்பார்கள், மானி காட்டும் எண்ணைக் கைப்பேசியில் படமெடுத்து ஏற்றுவார்கள், பற்றுச்சீட்டு வரும். ஈரப்பதன் 14 சதவீதத்தைத் தாண்டினால் விலையில் கழிவு உண்டு. அந்தக் கழிவுக்காக முந்திய போகத்தில் தராசடியில் நடந்த வாய்ச்சண்டைகளுக்குப் பிறகுதான் படமெடுக்கும் ஏற்பாடே வந்தது. சேர்வர் என்று நான் சொல்வது புதுக்குடியிருப்புப் பக்கத்தில் நெல் களஞ்சியத்தோடு ஒட்டிய அறையில், மேசைக்குக் கீழே இருக்கும் ஒரு சாதாரணக் கணினி. சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு இருந்த நாட்களையும் அது தாண்டி வந்தது.

2023 பெரும்போக அறுவடை தொடங்குவதற்குச் சற்று முன்னர் அந்தப் பழைய கணினியை மாற்றிப் புதியதில் உபுண்டு 22.04 போட்டேன். பழையதில் இருந்தது 18.04. கோப்புகளை அப்படியே நகலெடுத்தேன். அதே பாதை, அதே உரிமைகள், அதே அமைப்புக் கோப்பு. உலாவியைத் திறந்தால் 403, அதாவது அனுமதி மறுப்பு.

அந்த இரவு நான் செய்ததை வரிசையாகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. படங்கள் கிடக்கும் கோப்புறைக்கு 777 கொடுத்தேன். அசையவில்லை. செயலி முழுவதற்கும் கொடுத்தேன். அசையவில்லை. கடைசியில் உரிமைகளை மாற்றும் சிஎச்மொட் கட்டளையோடு உள்ளே உள்ளது எல்லாவற்றுக்கும் என்று சொல்லும் பெரிய ஆர் எழுத்தையும் சேர்த்து, வீட்டுக் கோப்புறைக்கே 777 கொடுத்தேன். தளம் திறந்தது! தேநீர் குடித்துவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் முற்பகல் களஞ்சியத்திலிருந்து அழைப்பு. பற்றுச்சீட்டில் ஈரப்பதன் கழிவு இரண்டு முறை கழிகிறது என்றார்கள். என் பிழைதான், ஒரு வரி திருத்தினால் போதும். தொலைவிலிருந்தே கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போகப் பார்த்தால் சாவி ஏற்கப்படவில்லை. கடவுச்சொல் வழியை நானே பாதுகாப்பு என்று சொல்லி மூடி வைத்திருந்தேன். காரணம் பிறகுதான் தெரிந்தது. வீட்டுக் கோப்புறையிலோ சாவிக் கோப்பிலோ உரிமையாளரைத் தவிர வேறு யாரும் எழுதலாம் என்ற நிலை இருந்தால், எஸ்எஸ்எச் அந்தச் சாவியை நம்ப மறுத்துவிடும். நியாயமான மறுப்பு. யாரும் எழுதக்கூடிய இடத்தில் கிடக்கும் சாவிக் கோப்பில் யாருடைய சாவியும் இருக்கலாம் அல்லவா? உலகத்துக்கே கதவைத் திறந்து வைத்துவிட்டு நான் வெளியே நின்றேன்.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பரந்தனில் திரும்பி ஏ35 வீதியில் போனேன். வீதியோரம் முழுக்க நெல் காயப் போட்டிருந்தார்கள், வானம் மப்பாக இருந்தது. களஞ்சிய வாசலில் உழவு இயந்திரங்களும் லான்ட்மாஸ்டர்களும் மூடைகளோடு வரிசையில் நின்றன. நான் தலைக்கவசத்தைக் கழற்றும்போது ஒரு ஐயா, "தம்பி, நீங்களா கொம்பியூட்டர்க்காரர்?" என்று கேட்டார். அவர் வேறு ஒன்றும் சொல்லவில்லை. மழை தூறத் தொடங்கியிருந்தது. அவருடைய மூடைகளுக்கு மேல் படங்கு போதவில்லை.

அறைக்குள் போய்த் திரையை மாட்டி, இரவே செய்திருக்க வேண்டியதை அப்போதுதான் செய்தேன்: என்ஜின்எக்ஸின் பிழைப் பதிவைத் திறந்து படித்தேன். அதில் 13 என்ற எண்ணும், அனுமதி மறுப்பு என்ற சொற்களும், எந்தக் கோப்பு என்ற முழுப் பாதையும் இருந்தன. 2 என்று இருந்தால் கோப்பே இல்லை என்று பொருள். 13 என்றால் கோப்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், கேட்டவருக்கு வழி விடவில்லை என்று பொருள்.

கேட்டவர் யார்? இதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். கேட்டது நானல்ல. உபுண்டுவில் வலைச் சேர்வர் இயங்குவது டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற பெயருள்ள பயனராக. அவருடைய எண் 33. இனி டேட்டா என்றே சொல்கிறேன், முழுப் பெயரை எழுதக் கை வலிக்கிறது. நான் உள்ளே போய்க் கோப்பைத் திறந்து பார்த்து "எனக்குத் திறக்கிறதே" என்று சொல்வதில் பயனே இல்லை. வேறொரு பயனராகக் கட்டளை இயக்க விடும் சூடோவில் டேட்டாவின் பெயரைக் கொடுத்து, அவராக அந்தக் கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும்.

அடுத்தது பாதை. வாசிக்க 4, எழுத 2, இயக்க 1, மூன்றும் சேர்ந்தால் 7 என்று எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். மூன்று இலக்கங்களில் முதலாவது உரிமையாளருக்கு, இரண்டாவது குழுவுக்கு, மூன்றாவது மற்றவர்களுக்கு. ஆனால் அந்த 1 கோப்புறைக்கு வரும்போது பொருள் மாறிவிடுகிறது. அங்கே அது ஊடாகப் போகும் உரிமை. கோப்புறைக்குள் என்ன இருக்கிறது என்று பட்டியல் பார்ப்பது 4, அதற்குள் உருவாக்குவதும் அழிப்பதும் 2, அதைக் கடந்து உள்ளே போவது 1. 2 கூட 1 இல்லாமல் செல்லாது.

இதை எங்கள் ஊர்க்காரருக்குச் சொல்லிப் புரியவைப்பது எளிது. 2002 சமாதான காலத்தில் ஏ9 வீதி திறந்தபோது, தெற்கே இருந்து வந்தால் ஓமந்தை, புளியங்குளம், பளை, முகமாலை என்று சாவடிகள் இருந்தன. எனக்குப் பத்து வயதளவில் அப்பாவின் கண்ணைக் காட்ட வவுனியாவுக்குப் புறப்பட்டோம். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம், கச்சான் வாங்கினோம். சாவடி ஒன்றில் விட்டார்கள். அடுத்ததில் அப்பாவின் அடையாள அட்டையில் எழுத்து அழிந்திருக்கிறது என்று திருப்பிவிட்டார்கள். வவுனியா வைத்தியசாலை அன்று திறந்துதான் இருந்தது. கிளினிக்கும் நடந்தது. அதனால் எங்களுக்கு என்ன?

நேம்ஐ என்று ஒரு சிறு கட்டளை இருக்கிறது. எல் என்ற தெரிவோடு முழுப் பாதையையும் கொடுத்தால், எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் வேர்க் கோப்புறையிலிருந்து கோப்பு வரைக்கும் ஒவ்வொரு கோப்புறையின் உரிமையையும் ஒவ்வொரு வரியாகக் காட்டும். எந்தச் சாவடியில் திருப்பினார்கள் என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடும். என் கணினியில் எல்லாவற்றையும் 777 ஆக்கிவிட்டிருந்ததால் அது அப்போது எதையும் காட்டவில்லை. சோதனைக்குப் புதிதாக ஒரு பயனரை உருவாக்கிப் பார்த்தபோதுதான் விளங்கியது. அவருடைய வீட்டுக் கோப்புறை 750. உபுண்டு 21.04இலிருந்து புதிய வீட்டுக் கோப்புறைகளை அப்படித்தான் உருவாக்குகிறது. அதற்கு முன்பு 755. பழைய கணினியில் டேட்டா என் வீட்டுக்குள்ளால் நடந்து போய்க்கொண்டிருந்தார், எனக்குத் தெரியாது. புதியதில் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே நான் எத்தனை 777 கொடுத்தாலும் அவர் அங்கே வரவே இல்லை.

இவ்வளவும் எனக்கு ஏன் முன்பே தெரியவில்லை என்று கேட்பீர்கள். சொல்கிறேன். போருக்குப் பிறகு வன்னிக்கு வந்த கணினிப் பயிற்சிகளில் எனக்கு ஏழு சான்றிதழ்கள் இருக்கின்றன. ஏழிலும் ஒரே பாடம்: கணினியை இயக்குவது, வேர்ட் கடிதம், எக்செல் அட்டவணை. குத்துவிளக்கு ஏற்றி முடிவதற்குள் முற்பகல் போய்விடும். மாலையில் சான்றிதழோடு வரிசையாக நிறுத்திப் படம் எடுப்பார்கள், அது அறிக்கைக்கு. எட்டாவது முறை அழைத்தபோது, "லினக்ஸ் சொல்லித் தருவீர்களா?" என்று கேட்டேன். "அடிப்படை தெரிந்தால்தான் அது, தம்பி" என்றார் ஒருங்கிணைப்பாளர். ஏழு முறை அடிப்படை படித்தவனிடம்! சரி, அது வேறு கதை, இங்கே அதற்கு இடமில்லை.

திருத்தத்துக்கு வருகிறேன். முதலில் வீட்டுக் கோப்புறைக்கு 750, சாவிகள் இருக்கும் கோப்புறைக்கு 700, சாவிக் கோப்புக்கு 600. எஸ்எஸ்எச் சமாதானமாகிவிட்டது. அடுத்து, செயலியை வீட்டிலிருந்தே கிளப்பி, வேருக்குக் கீழே இருக்கும் எஸ்ஆர்வி கோப்புறைக்குக் கொண்டுபோனேன். பொது வேலை வீட்டுக்குள் நடக்கக்கூடாது. வார் கோப்புறைக்குக் கீழே வைக்கிறவர்களும் இருக்கிறார்கள், அதுவும் சரிதான். உரிமையாளர் நான், குழு டேட்டாவின் குழு. கோப்புறைகளுக்கு 750, கோப்புகளுக்கு 640. தரவுத்தளக் கடவுச்சொல் இருக்கும் அமைப்புக் கோப்பும் இதே 640தான். டேட்டா படிக்கலாம், எழுத முடியாது. படங்கள் வந்து விழும் ஒரே ஒரு கோப்புறைக்கு மட்டும் 2770. முன்னால் நிற்கும் அந்த 2, உள்ளே புதிதாக வரும் கோப்புகளும் அதே குழுவுக்குச் சொந்தமாகும்படி செய்கிறது. அந்தக் கோப்புறையில் பிஎச்பி இயங்காதபடி என்ஜின்எக்ஸிலும் தடுத்தேன். படம் என்ற பெயரில் யாராவது நிரல் ஏற்றினால் அது வெறும் கோப்பாகவே கிடக்கட்டும்.

குழுவில் உங்களைச் சேர்த்த பிறகும் வேலை செய்யவில்லை என்றால் பதறாதீர்கள். வெளியேறி மீண்டும் உள்ளே வரும்வரை உங்கள் அமர்வுக்குப் புதிய குழு தெரியாது. என் அரை மணி நேரம் அதில் போனது. வெளியே அந்த ஐயாவின் மூடை நனைந்துகொண்டிருந்த அரை மணி நேரம்.

இனி ஆட்கள் வருவார்கள் என்று தெரியும். "டொக்கர் இருக்கும்போது இது என்ன பழைய காலத்துப் பேச்சு?" என்பார்கள். வாருங்கள். டொக்கர் என்பது செயலியைக் கொள்கலனில் அடைத்து இயக்கும் கருவி. அந்தக் கொள்கலனுக்குள்ளும் பயனர் எண்தான் பேசுகிறது. கொள்கலனுக்கு மூலமாகும் டெபியன் வகைப் படிமத்தில் டேட்டாவின் எண் 33, அல்பைன் வகை பிஎச்பி படிமத்தில் 82. ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறி அதே கோப்புறையை வெளியிலிருந்து மாட்டிப் பாருங்கள், பிறகு பேசுவோம். "வீட்டுக் கோப்புறைக்கு ஒரு எக்ஸ், அதாவது அந்த 1, மட்டும் கொடுத்தால் போதுமே" என்று இன்னொருவர் சொல்வார். போதும்தான். 751 கொடுத்தாலும் தளம் திறந்திருக்கும். நான் செய்தது மட்டும்தான் சரி என்று எங்கே சொன்னேன்? "என்னுடையது அல்மா லினக்ஸ், உரிமை எல்லாம் சரி, ஆனாலும் மறுக்கிறது" என்பவர்களுக்கு: அங்கே செலினக்ஸ் என்று இன்னொரு காவலர் நிற்கிறார். வீட்டிலிருந்து கோப்பை நகர்த்தினால் வீட்டு முத்திரை அதோடு ஒட்டிக்கொண்டே வரும், நகலெடுத்தால் போகுமிடத்தின் முத்திரை விழும். ரீஸ்டோர்கொன் கட்டளை அதைத் திருத்தும். தயவுசெய்து செலினக்ஸையே அணைத்துவிடாதீர்கள்.

இன்னொன்று. பெரிய ஆர் எழுத்தோடு கொடுத்த 777ஐத் திரும்பப் பெறக் கட்டளை கிடையாது. முன்பு எது எப்படி இருந்தது என்பதைக் கணினி எங்கும் எழுதி வைப்பதில்லை. நான் வீட்டுக் கோப்புறைக்குள் செய்ததால் தப்பினேன். இதையே வேர்க் கோப்புறையில் செய்திருந்தால் சூடோவே வேலை செய்யாமல் போயிருக்கும், முழுவதையும் மறுபடி நிறுவியிருக்க வேண்டும். உங்களுடையது செயலிக் கோப்புறையோடு நின்றிருந்தால் இன்று இரவே சரிசெய்துவிடலாம்.

பிற்பகல் மூன்று மணியளவில் பற்றுச்சீட்டு சரியாக வந்தது. சங்கத் தலைவர் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி பிழை?" என்று கேட்டார்.

"படலை பூட்டியிருந்தது, ஐயா."

"திறந்துவிட வேண்டியதுதானே?"

"ராத்திரி திறந்துவிட்டேன். வேலியையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டேன்."

அவர் வயல்காரர். கட்டாக்காலி மாடுகளுக்குப் பயந்து இரவில் டோர்ச்சோடு வயலுக்குப் போகிறவர். மேற்கொண்டு கேட்கவில்லை.

நீங்கள் நேம்ஐ கட்டளையைக் கொடுத்து வரும் வரிகளையும், பிழைப் பதிவின் கடைசி ஐந்து வரிகளையும் கேள்வியில் சேர்த்துப் போடுங்கள். கடவுச்சொல் ஏதாவது தெரிந்தால் அழித்துவிட்டுப் போடுங்கள். நாளை மின்சாரம் இருந்தால் பார்க்கிறேன்.