சமோசா கொடுத்தும் பயிற்சிக்கு ஆள் வரவில்லையா?

கேள்வி: கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். மாதம் இரண்டு சனிக்கிழமை, முதல் ஷிப்ட் முடிந்ததும், உதிரிபாகங்களைத் துல்லியமாக அளக்கும் வெர்னியர் காலிப்பர் கருவிக்குப் பயிற்சி நடத்துகிறோம். டீ, சமோசா, சான்றிதழ் எல்லாம் உண்டு. 60 பேரைக் கூப்பிட்டால் 15 பேர்தான் வருகிறார்கள். வராதவர்களுக்குச் சம்பளம் பிடிக்கலாமா?

பதில்: வேண்டாம். ஷிப்டுக்கு வெளியே வராததற்குப் பிடித்தால் சட்டச் சிக்கல் வரும். உங்கள் ஆட்கள் சோம்பேறிகளும் இல்லை, கணக்குப் பார்க்கிறார்கள். உளவியலாளர் விக்டர் வ்ரூம் 1964-லேயே இதை விளக்கினார். என்னால் செய்ய முடியுமா, செய்தால் ஏதாவது கிடைக்குமா, கிடைப்பது எனக்கு வேண்டியதுதானா? இந்த மூன்றில் ஒன்றுக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தாலும் ஆர்வம் போய்விடும்.

முதலில் நேரத்தை மாற்றுங்கள். ஆரம்பாக்கம், தடா, சூளூர்பேட்டை போகும் கம்பெனி பஸ் கிளம்பிவிட்டால், பயிற்சிக்கு உட்கார்ந்தவர் கைக்காசு போட்டு வீடு போக வேண்டும். கட்டாயப் பயிற்சியும் வேலைதான். ஷிப்டுக்குப் பிறகு வைத்தால் ஓவர்டைம், அதாவது இரட்டிப்புச் சம்பளம், கொடுங்கள். முடியாதென்றால் ஷிப்டுக்குள்ளேயே 20 நிமிடம், எட்டுப் பேராக நடத்துங்கள்.

அங்கேதான் சூப்பர்வைசர் குறுக்கே வருவார். எட்டுப் பேர், 20 நிமிடம் என்றால் லைனுக்கு 160 நிமிட உழைப்பு குறைகிறது. அன்றைய டார்கெட்டை அப்படியே வைத்துவிட்டு ஆளை மட்டும் கேட்டால் அவர் எப்படி விடுவார்? “சீக்கிரம் போய்ட்டு வா” என்று அவர் சலித்துக்கொண்டாலே போதும், அடுத்த முறை யாரும் வரமாட்டார்கள். குறைத்த டார்கெட்டை உற்பத்தி மேலாளர் கையெழுத்தோடு முந்தைய நாளே லைனில் ஒட்டுங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் பலன் அதிகம்.

அடுத்தது கூச்சம். ஆந்திர எல்லையோரத்திலிருந்து வருகிறவர்களில் பலர் தமிழ் சரளமாகப் பேசுவார்கள், வாசிப்பது தெலுங்கில்தான். ஒடிசா, பீகார் ஆட்களும் இருப்பார்கள். தமிழில் அச்சடித்த தேர்வுத்தாளை நீட்டினால், பத்து வருடம் மிஷின் ஓட்டியவர்கூட நாலு பேர் முன்னால் தலைகுனிய வேண்டியிருக்குமே என்று ஒதுங்கிவிடுவார். தேர்வுத்தாளை விட்டுவிட்டு, ஆளுக்கொரு காலிப்பரும், ஒரு நல்ல பீஸும், ஒரு ரிஜெக்ட் பீஸும் கொடுங்கள். தாடைகளை மூடி, சைபர் கோடுகள் நேராக நிற்கின்றனவா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு, மெயின் ஸ்கேலில் 24 மி.மீ., வெர்னியரில் 17-ஆவது கோடு சேர்கிறது, ஒரு கோட்டுக்கு 0.02 மி.மீ. என்றால் அளவு 24.34 மி.மீ. என்று ஒருமுறை படித்துக் காட்டுங்கள். ஒரே பீஸுக்கு இருவர் இரண்டு அளவு சொன்னால், பெரும்பாலும் ஓரத்துப் பிசிறை எடுக்காமல் அளந்திருப்பார்கள், அல்லது தாடையை இறுக்கி அழுத்தியிருப்பார்கள்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்காக வகுத்த முறையில் நான்கு படிகள்: ஆளைத் தயார்படுத்துவது, செய்து காட்டுவது, செய்யவைப்பது, பிறகு போய்ப் பார்ப்பது. பல இடங்களில் இரண்டாவது படியோடு வகுப்பை முடித்துவிடுகிறார்கள். கற்றவர் தன் வாயால் விளக்கிக்கொண்டே அளந்து காட்டும்வரை மூன்றாவது படி முடியவில்லை என்றே வையுங்கள்.

பலன் என்ன என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். சரியாக அளப்பவருக்கு ஃபர்ஸ்ட் பீஸை, அதாவது மிஷினிலிருந்து முதலில் வரும் பீஸை, செக் பண்ணும் பொறுப்பைக் கொடுங்கள், லைனில் தொங்கும் திறன் அட்டவணையில் அவர் பெயரை ஏற்றுங்கள். திறனுக்கென்று தனி அலவன்ஸ் தர முடிந்தால் தொகையை முன்கூட்டியே எழுதிப் போடுங்கள். முடியாதென்றால் புரமோஷன் ஆசை காட்டவே காட்டாதீர்கள். ஆறு மாதத்தில் வேறு கம்பெனிக்குப் போகக்கூடிய கான்ட்ராக்ட் ஆளுக்கு ‘பங்கேற்றார்’ என்ற சான்றிதழால் பயனில்லை. என்ன கருவி, எந்த நுணுக்கம் வரை அளப்பார் என்று எழுதிக் கொடுத்தால் அடுத்த இடத்தில் அதைக் காட்டி வேலை கேட்பார்.

டார்கெட்டைக் குறைக்கச் சம்மதிக்கும் ஒரு லைனில் மட்டும் இதைத் தொடங்குங்கள். இரண்டு வாரம் கழித்து வருகைப் பதிவேட்டைப் புரட்டாமல் நேரே அந்த லைனுக்குப் போய், ஒரு பீஸைக் கையில் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். தடுமாறுகிறவரைக் குறித்துக்கொண்டு அடுத்த 20 நிமிடத்தில் முதல் ஆளாகச் சேருங்கள்.