கோடியக்கரை சீசனுக்குப் போகிறோம், பிள்ளைகள் படிப்புக்கு என்ன செய்வது?

கேள்வி: நாங்கள் நாகப்பட்டினம் பக்கம் மீனவக் குடும்பம். ஐப்பசி பிறந்ததும் படகோடு கோடியக்கரைக்குப் போய், பங்குனி வரை கடற்கரையில் கொட்டகை போட்டுத் தங்கித் தொழில் செய்வோம். மகள் ஐந்தாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. இதுவரை மாமியாரிடம் விட்டுப் போனோம். இப்போது அவருக்கு உடம்பு முடியவில்லை. கூடவே கூட்டிப் போய் நானே பாடம் சொல்லிக் கொடுக்கலாமா? நான் பத்தாவது வரை படித்திருக்கிறேன். பள்ளியில் பெயரை எடுத்துவிடுவார்களா?

பதில்: கூட்டிக்கொண்டு போங்கள், சகோதரி. ஆனால் முழுப் படிப்பையும் உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். கோடியக்கரையிலேயே அரசுப் பள்ளி இருக்கிறது. அங்கே சேர்த்துவிட்டு, சாயங்காலம் ஒரு மணி நேரம் நீங்கள் சொல்லிக் கொடுங்கள்.

பத்தாவது படித்த உங்களுக்கு இந்தப் பாடமெல்லாம் நன்றாகவே வரும். என் கவலை வேறு. படகு கரைக்கு வந்ததும் மீன் பிரிக்க, ஏலத்துக்குக் கூடை எடுத்துக் கொடுக்க, உலை வைக்க ஆள் வேண்டும். முதலில் கூப்பிடுவது மகளைத்தான். 'பாடம் அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளித் தள்ளியே சீசன் முடிந்துவிடும். ஐந்தாம் வகுப்போடு ஒரு பெண்பிள்ளையின் படிப்பு நின்றுபோவது பெரும்பாலும் இப்படித்தான். யாரும் நிறுத்தச் சொல்லியிருக்க மாட்டார்கள். காலையில் பள்ளிக்குக் கிளம்பிவிட்டால் அந்த நேரமாவது அவளுக்கு மிஞ்சும். சாப்பாடும் ஆகிவிடும். உங்கள் மாவட்டத்துத் திருக்குவளையில் 2023 ஆகஸ்டில் விரிவாக்கி வைத்தார்களே, அந்தக் காலை உணவுத் திட்டம் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் இருக்கிறது. விடியற்காலையில் ஏலத்தில் நிற்கும் அம்மாவுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று உங்களுக்குத் தெரியும்.

பெயர் விஷயம். சொல்லாமல் கொள்ளாமல் போனால்தான் சிக்கல். நீண்ட நாள் வராத பிள்ளை இடைநின்றவர் கணக்கில் போய்விடும். கிளம்பும் முன் தலைமையாசிரியரிடம் மாற்றுச் சான்றிதழ் கேளுங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி உடனே தர வேண்டும். அது வரத் தாமதமானாலும், நடு வருடம் ஆனாலும், அதைக் காட்டிப் புதுப் பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது. பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் தரும் அடையாள எண்ணான எமிஸ் எண்ணையும் இருவருக்கும் குறித்து வையுங்கள். முதல் பருவம் செப்டம்பரோடு முடிவதால், நீங்கள் போகும்போது இரண்டாம் பருவம் தொடங்கியிருக்கும். பெரிதாக எதுவும் விட்டுப்போகாது. ஆண்டுத் தேர்வை மட்டும் எந்த ஊரில் எழுதுவது என்று இரு பள்ளியிலும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

அந்த ஒரு மணி நேரத்தில் பெரும்பகுதியை மகனுக்குக் கொடுங்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கும் வயது. இந்த ஆறு மாதம் தவறினால் மூன்றாம் வகுப்பில் எல்லாப் பாடமும் தடுமாறும். தினமும் சத்தமாக வாசிக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். 'கொண்டல்' என்று எழுதிக் கொடுத்தால் கொம்பை மட்டும் பார்த்துவிட்டுக் 'கெண்டல்' என்பான், துணைக்காலை விட்டுவிடுவான். திட்டாமல் அந்தக் காலின் மேல் விரலை வைத்துக் காட்டுங்கள், அவனே திருத்திக்கொள்வான். வாடை, சோளகம், கச்சான், வாவல், நெத்திலி என்று அவன் காதில் விழும் சொற்களையே ஈர மணலில் எழுத வையுங்கள்.

மகளுக்குக் கணக்கு போதும். கடற்கரைப் பிள்ளைகள் வாய்க்கணக்கில் கெட்டி. தாளில் படிப்படியாக எழுதச் சொன்னால்தான் திணறுவார்கள். அன்றைய ஏலத்தையே எழுத வையுங்கள். உதாரணமாக, 18 கிலோ மீன், கிலோ 240 ரூபாய் என்றால் 4,320. டீசல், ஐஸ் செலவு 1,500 போக 2,820. படகுக்கு ஒரு பங்கு, மூன்று ஆளுக்கு மூன்று பங்கு என்று நாலாக வகுத்தால் பங்குக்கு 705. பெருக்கல், கழித்தல், வகுத்தல் மூன்றும் வந்துவிட்டது.

பாடம் சொல்ல, கரையேற்றிய படகின் நிழலில் உட்காரலாம். கடலுக்கு மட்டும் பிள்ளைகளை ஏற்றிப் போகாதீர்கள். வாடைக் காலத்துக் கடலை நம்ப முடியாது. 2018 நவம்பரில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில்தான் கரையேறியது. புத்தகம், சான்றிதழ், ஆதார் நகல் எல்லாவற்றையும் பாலித்தீன் பையில் சுற்றி, இறுக்கமான மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்மில் வையுங்கள். அரசுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசம். ஊரில் இருக்கும்போதே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கே அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைத்து, 14 வயது நிறைந்ததும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத வைக்கும் வழியும் உண்டு. உங்கள் மகன் அந்த வயதுக்கு வர இன்னும் பல வருடம் இருக்கிறது. அருகில் பள்ளி இருக்கும்போது அதை நான் சொல்ல மாட்டேன்.

சேர்க்கையில் யாராவது தயங்கினால் 14417-க்கு அழையுங்கள், பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் அது. புரட்டாசி முடிவதற்குள் தலைமையாசிரியரைப் பார்த்துவிடுங்கள்.